தேரிக்குப் போகப் பூட்டு வாங்கினோம்

எங்கள் அப்பாவுக்கு மணலில் நடக்கத் தெரியாது. கடற்கரை மணலைச் சொல்லவில்லை. அது ஈரம் பட்டு இறுகிக் கிடக்கும், அதில் நன்றாகவே நடப்பார். நான் சொல்வது தேரி மணல். மிளகாய்த்தூள் நிறத்தில் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். காலை வைத்தால் கணுக்கால் வரை இழுத்துக்கொள்ளும். உடன்குடிப் பக்கம் அப்படிப்பட்ட தேரிக்குள் இருந்த ஒரு பனங்காட்டு ஊருக்குத்தான் என் அக்கா வாழப் போனாள். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. வண்டித்தடம் ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள், காற்றடித்தால் அதுவும் கிடையாது. நடந்துதான் போக வேண்டும். அங்கே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வர எங்கள் வீட்டில் போட்ட திட்டம் இருக்கிறதே, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகக்கூட அப்பா அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்துப் போகும் தோணி ஒன்றை நடத்துகிறவர். தோணி முதலாளியுடையது, ஆனால் கரையை விட்டால் அப்பா சொன்னதுதான் சட்டம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தோணிக்காரர் வீட்டில் இரண்டு காரியம் கண்டிப்பு. போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. அவரும் இன்ன நாள் கிளம்புகிறேன், இன்ன நாள் வந்து சேருவேன் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் கடலுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். அடுத்தது, ஆள் கடலில் இருக்கும்போது வீட்டைப் பூட்டக் கூடாது. பூட்டினால் தோணிக்குக் கரை அகப்படாதாம். எங்கள் தெருவில் மற்றவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னேதான் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது வேதம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போவதென்றால்கூட அம்மா முதல் பூசைக்குப் போய்விட்டு வருவாள், நானும் அக்காவும் இரண்டாம் பூசைக்குப் போவோம். வீட்டில் ஓர் ஆள் எப்போதும் இருக்கும். ராத்திரி உள்ளே போடுகிற கட்டை உண்டே தவிர, பூட்டு என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. பிறந்ததிலிருந்து அந்தக் கதவில் பூட்டு தொங்கி நானும் பார்த்ததில்லை, அக்காவும் பார்த்ததில்லை. இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அக்கா போன கதை சின்னது. தெரு முனையில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்த அண்ணாச்சி கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு மட்டும் பருப்பு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். தராசு சரியில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். என் விவரம் அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அக்கா வீட்டில் இல்லை. அவர்கள் ஊர் அம்மன் கோவிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. அப்பா கத்துவார் என்று தெருவே காத்திருந்தது. அவர் கத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது என்னைக் காட்டி, "எனக்கு ஒரே மகதான்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது. கடை அண்ணாச்சி அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் ஊரோடு போய்ப் பனையேறத் தொடங்கினார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அக்கா பேச்சே வீட்டில் எடுக்கவில்லை. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்த சமயம் அது. அந்தப் புழுதியில், தலையில் ஓலைப்பெட்டியோடு ஒரு கருப்பட்டிக்காரி வருவாள். அக்கா இருந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அம்மா தேவைக்கு மேல் கருப்பட்டி வாங்கியது எதற்காக என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் அவள் பெட்டியை இறக்கியதும் இறக்காததுமாக, "ஒங்க மக முழுகாம இருக்கா" என்றாள். அப்பா உள்ளே பயணப் பெட்டியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். அம்மா கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

அப்பா அடுத்த பயணம் போய்விட்டு வந்து, குசினி வாசலில் நின்றுகொண்டு, "தலைப்பிள்ள. தாய் வீட்லதான் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் வாங்கிவிட முடியாது. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அன்று அவள் நடந்த வேகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து, பிள்ளைக்குத் துணி மடித்து அடுக்கிவிட்டாள்.

முறைப்படி ஏழாம் மாதத்தில் தாயும் தகப்பனும் சேர்ந்து போய் அழைத்து வர வேண்டும். ஏழாம் மாதத்தில் அப்பா கொழும்பில் இருந்தார். அம்மா தனியாகப் போக முடியாது. எனக்கு ஒரே மகள்தான் என்று சொன்னவர்தானே வந்து கூப்பிட வேண்டும். கச்சான் காற்று ஏறி, தோணிகளையெல்லாம் கட்டிப்போட்டு ஆட்கள் வீட்டோடு உட்காரும் ஆனி, ஆடி வந்தால்தான் அப்பாவுக்கு ஓய்வு. இதில் ஒரு கோளாறு இருந்தது. கடலை அடைக்கிற அதே காற்றுதான் தேரியையும் கிளப்புகிறது. அப்பா வீட்டில் இருக்கும் மாதங்களில் தேரிக்குள் வழி இருக்காது. வழி இருக்கும் மாதங்களில் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

கருப்பட்டிக்காரிக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் போகிற யோசனையில் இருப்பதை அம்மாவின் முகத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஆனிக் காத்துல புது ஆளுக தேரிக்குள்ள வரமாட்டாவ அண்ணாச்சி. இன்னைக்கு இருந்த தடம் நாளைக்கு இருக்காது" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"காத்தப் பத்தி எனக்குச் சொல்லுதியோ?" என்றார் அப்பா.

அவள் சிரித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, நாள மட்டும் சொல்லுங்க. நான் போயிச் சொல்லிருதேன். ஒங்க மருமவன் உடன்குடிக்கே வந்து கையோட கூட்டிட்டுப் போயிருவாவ" என்றாள்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் போன பிறகு அம்மாவிடம், "கெளம்புற நாள ஊருக்குச் சொல்லிட்டுக் கெளம்புனா வெளங்குமா?" என்றார். அது தோணிக்காரர் முறை என்று அன்று நினைத்தோம். முறைதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது என்று எனக்குப் பிறகு பட்டது. போய்க் கூப்பிட்டு, மகள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? தண்டல் வெறுங்கையோடு திரும்பினார் என்று தெருவுக்குத் தெரிய வேண்டாம் அல்லவா. மானத்தை மூடிக்கொள்ள முறை நன்றாகத்தான் உதவியது.

திட்டம் தொடங்கியது. அப்பாவுக்குத் தேரி தெரியாது, ஆனால் கடலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். மணப்பாட்டுச் சிலுவைக் கோவில் குன்றின் மேல் நிற்கும். அதற்குப் பின்னால், உள்ளே தள்ளி, சிவப்பாக ஒரு மேடு தெரியும். தோணிக்காரர்கள் கோவிலையும் மேட்டையும் சேர்த்து வைத்துத்தான் கரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்த மேட்டுக்கு அடியில்தான் மகள் இருக்கிறாள் என்று அப்பா தீர்மானித்திருந்தார். எல்லாரும் போகிற உடன்குடி வழி அவருக்குப் பிடிக்கவில்லை. அது அவர் அறியாத வழி. மணப்பாட்டில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியது. கோவிலை முதுகுக்கு நேராக வைத்து, சிவப்பு மேட்டை முகத்துக்கு நேராக வைத்து நடக்க வேண்டியது. சாப்பாட்டுத் தட்டில் உப்பை ஒரு பக்கமும் ஊறுகாயை ஒரு பக்கமும் வைத்து எங்களுக்கு விளக்கினார். நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். பார்க்க மிகச் சுலபமாக இருந்தது.

யார் யார் போவது என்பது அடுத்த யோசனை. அப்பா சாமான் தூக்க வேண்டும். கண் சரியில்லாத அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், திரும்பும்போது அக்காவைத் தாங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஆகவே நானும். மூன்று பேரும் போனால் வீட்டில் யார்? பக்கத்து வீட்டில் அப்பாவின் தங்கை, என் அத்தை, இருந்தாள். அவளிடம் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரி. "நான் கரையிலதான இருக்கேன். நான் கடல்ல இருந்தாத்தான வீட்டப் பூட்டக் கூடாது?" என்று அப்பா சட்டம் பேசினார். பஜாருக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தார். பித்தளைப் பூட்டு, என் கையளவு. அதை மாட்ட நாதாங்கி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் ஆளைக் கூப்பிட்டு அடித்து வைத்தார். அம்மாவும் நானும் பூட்டித் திறந்து பழகினோம். சிரித்துக்கொண்டேதான் பழகினோம். அந்த வீட்டில் கடைசியாக நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு காற்றுக்காகக் காத்திருந்தோம். அப்பா விடியுமுன் கடற்கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவார், தலையை ஆட்டுவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அம்மா கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்துப் பலகாரத்தை மாற்றுவாள். தினமும் இதே கூத்து. அக்காவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மா ஒருமுறை, "காத்தோட போனா என்ன?" என்றாள். "வயித்துப் பிள்ளக்காரிய அந்தக் காத்துல நடத்திக் கூட்டிட்டு வரணும்லா" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் சொன்ன எதிலுமே தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு காலையில் காற்று தணிந்திருந்தது. அப்பா வந்து, "ம்" என்றார். நாங்கள் புதுச் சேலை கட்டிக்கொண்டோம். பூட்டினோம். அத்தை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு நிமிர்ந்து, "மயினி, எங்க இவ்வளவு விடியக்காலம்?" என்று கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா நடந்துகொண்டே இருந்தார். அம்மா, "இந்தா வந்துருதோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆத்தூர், திருச்செந்தூர் என்று பஸ் மாறி மணப்பாட்டில் இறங்கினோம். அப்பா கோவிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றார். சிவப்பு மேட்டைக் காணோம். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற மேடு கரையில் நின்றால் தெரியவில்லை. நடுவே உடைமரமும் பனையும் மறைத்துக்கொண்டிருந்தன. "கொஞ்சம் உள்ள போனா தெரியும்" என்றார். உள்ளே போனோம். கோவிலும் மறைந்துவிட்டது. அதன்பின் அப்பா வானத்தைப் பார்த்து நடந்தார். நாங்கள் அவரைப் பார்த்து நடந்தோம். ஓர் இடத்தில் மணல் சிவக்கத் தொடங்கியது. மேட்டில் ஏறினால் அதற்கு அப்பால் இன்னொரு மேடு; எல்லா மேடும் ஒரே மேடு மாதிரி. கடலில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் அப்பாவுக்கு வித்தியாசம் தெரியும். இங்கே அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டிருந்தாள். ஆனாலும் வாய் ஓயவில்லை. அக்கா வந்ததும் எந்த அறையில் படுக்க வைப்பது, கதவை எந்நேரமும் திறந்து வைத்தால் குளிர் அடிக்குமா என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

உச்சி சாய்ந்த பிறகு, பதனீர் காய்ச்சும் புகையைக் கண்டு அந்தத் திசையில் போய் ஊரைப் பிடித்தோம். ஓலைக் குடிசைகள்தான். கேட்டுக் கேட்டு அக்கா வீட்டுக்கு வந்தால் ஓலைத் தட்டியைச் சாத்திக் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"யாரு வேணும்?" என்று கேட்டவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே தெரிந்துகொண்டாள். "ஐயோ எக்கா, ஒங்க வீட்டுக்குத்தான போயிருக்காவ ரெண்டு பேரும்! காத்து இன்னைக்குக் கொறஞ்சிருக்குன்னு விடியக்காலமே உடன்குடிக்கு நடந்துட்டாவ. பனை ரெண்டு வேளையும் ஏறணும்லா, ஒருநா விட்டாலும் பாளை காஞ்சிரும். காலை ஏத்தத்த அவன் சித்தப்பன் பாத்துக்கிடுதேன்னாரு. சாயந்தர ஏத்தத்துக்கு அவன் வந்துருவான். ஒங்க மக அங்கனயே பிள்ள பெத்துட்டுத்தான் வருவா."

அம்மா மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அவளே போயிட்டா. பாத்தீங்களா? அவளே போயிட்டா" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். அந்தப் பெண் கொடுத்த பதனீரை நின்ற நிலையிலேயே குடித்தார். உள்ளே இருந்த வீம்பெல்லாம் அன்று அவரிடமிருந்து இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் மகள் வந்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். எனக்குத்தான் முதலில் உறைத்தது. என் இடுப்பில் சாவி குத்தியது.

"அப்பா, வீடு பூட்டிக் கெடக்கு" என்றேன்.

பெட்டியை அந்தப் பெண்ணிடம் வைத்துவிட்டு, அவள் காட்டிய தடத்தில் உடன்குடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தோம். நல்ல தடம். காற்று தணிந்திருந்ததால் அதில் காலையில் போனவர்களின் காலடிகூட அங்கங்கே இருந்தது. சின்னக் காலடி அக்காவுடையதாகத்தான் இருக்கும். இந்த வழியில் வந்திருந்தால் காலையிலேயே அவர்களை எதிரே பார்த்திருப்போம். பஸ்ஸில் ஏறினோம். எதிர்த் திசையில் போன பஸ்களை நான் சன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேகமாகப் போகிற பஸ்ஸில் யாரை அடையாளம் தெரியும்?

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவுக்குள் நுழைந்தோம். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று அண்ணன் என்றும் பாராமல் கேட்டாள். "ஒம்ம மக வந்தா. வயிறும் பிள்ளையுமா வந்து வாசல்ல நின்னா. நான் என்னத்தச் சொல்ல? எங்கிட்ட நீங்க சொன்னாத்தான நான் சொல்ல? என் வீட்டுக்கு வாளான்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. அந்தப் பூட்டப் பிடிச்சுப் பாத்தா. 'அத்த, இது புதுசா?'ன்னு கேட்டா. ஆமான்னேன். நாதாங்கி எப்ப அடிச்சாவன்னு கேட்டா. இப்பத்தான்னேன். அதுக்கப்புறம் வாசப்படியில உக்காந்தே இருந்தா. அவனுக்குப் பனையேற நேரமாயிட்டுன்னு கூட்டிட்டுப் போயிட்டான். நீ இருன்னு அவனும் சொல்லத்தான் செஞ்சான். அவ இருக்கல."

அப்பா கடலில் இருந்தபோதெல்லாம் அவருக்காகத் திறந்து கிடந்த கதவு அது. அவர் கரையில் இருக்கும் நாளில், புதிதாக நாதாங்கி அடித்து, புதுப் பூட்டுப் போட்டு அடைத்திருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த மகள் அதற்கு வேறு என்ன அர்த்தம் எடுப்பாள்? அவள் இடத்தில் இருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா பெட்டி இல்லாமலே கிளம்பி வாசலில் நின்றாள். காற்று மறுபடியும் ஏறியிருந்தது. அம்மாவின் கால் இரண்டும் வீங்கி இருந்தன. அப்பா அவளை உட்கார வைத்து, "இந்தத் தடவ நாள் சொல்லி விடுவோம்" என்றார். கருப்பட்டிக்காரி வரட்டும், அவளிடம் கிழமை சொல்லி அனுப்புவோம், மருமகனை உடன்குடிக்கு வரச் சொல்வோம் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா ஒரு நாளை வாய்விட்டுச் சொன்னார். திங்கட்கிழமை என்றார்.

திங்கட்கிழமைக்கு முன்பே அத்தான் வந்தார். தெருவில் எல்லாரும் பார்க்க, தலையில் துண்டு போட்டு முகத்தை மறைக்காமல் வந்து வாசலில் நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. திரும்பிப் போன அன்று தேரிக்குள் நடக்கும்போதே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டதாம். வீடு போய்ச் சேர்ந்துதான் பிறந்ததாம். ஆண்பிள்ளை. விடியும் வரை இருந்ததாம்.

அம்மா முதலில் கேட்டது, "பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனாளா?" என்றுதான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வேதத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தானுக்கு அது தெரியாது.

"செம்புல தண்ணி கேட்டா அத்த. பிள்ள தலையில ஊத்துனா. வாய்க்குள்ள என்னமோ சொன்னா. எதுக்குன்னு நான் கேக்கல" என்றார்.

"என்ன பேரு வச்சா?"

"எனக்குக் கேக்கல அத்த."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பேரும் தெரியாத பேரனுக்காக அவள் அன்று அழுத அழுகையை நான் பிறகு எந்தச் சாவிலும் கேட்டதில்லை. அழுது முடித்து, "நாங்க அங்க வந்தது அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும். பக்கத்து வீட்ல சொன்னாவ, பெட்டியயும் குடுத்தாவ. அவளுக்கு ஒங்க மேல கோவம் இல்ல அத்த. நான் வாரேன், நீயும் வாயேன்னு கூப்பிட்டுப் பாத்தேன். அங்க பூட்டிக் கெடக்கும்னு சொல்லுதா. இல்ல, அது ஒன்னத் தேடி வரத்தான் பூட்டுனாவன்னு சொல்லிப் பாத்தேன். தெரியும், ஆனாலும் கண்ண மூடுனா பூட்டுதான் நிக்கிதுன்னு சொல்லுதா."

அப்பா இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். ஏதாவது பேச வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர், "அங்கன காத்து எப்படி இருக்கு?" என்றார்.

"அடிக்கி மாமா. தடம் இல்ல" என்றார் அத்தான்.

அதன்பின் ஒவ்வொரு ஆனியிலும் அப்பா திட்டம் போட்டார். இப்போது வீம்பு ஒன்றும் கிடையாது. உடன்குடி வழியாகவே போவோம் என்பார், கருப்பட்டிக்காரியிடம் நாள் சொல்லி விடுவோம் என்பார், அத்தையிடமே வீட்டை ஒப்படைப்போம் என்பார். எல்லாம் சரியான திட்டம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "நீங்க போயிட்டு வாங்க" என்பாள்.

"தாயில்லாம எப்படி அழைக்க?"

"நாம அங்க போன நேரம் அவ இங்கன வந்தான்னா?"

"அதான் தங்கச்சிய இருக்கச் சொல்லுதேம்லா."

"அவ வந்தா நான் இருக்கணும்லா" என்பாள் அம்மா. அதற்கு மேல் அந்தப் பேச்சு ஒரு வருஷமும் நகர்ந்ததில்லை.

அம்மா வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். முதலில் கடைக்குப் போவது நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை நின்றது. பங்குச் சாமியாரே ஒருமுறை வந்து சொல்லிப் பார்த்தார். கண்புரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சண்டை போட்டேன். அங்கே படுக்க வைத்துவிட்டால் என்ன செய்வது என்றாள். கதவு ராத்திரியும் ஒருக்களித்தே கிடந்தது, உள் கட்டையைக்கூட அவள் போட விடவில்லை. அந்தப் பூட்டை அப்பா கடலில் போடப் போனார். இருக்கட்டும் என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டவள் அம்மாதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கருப்பட்டிக்காரியோடு நானாவது போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "அந்தப் பக்கம் ஒருத்தி போனது போதும்" என்றார் அப்பா. நான் பதிலுக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பேசியும் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் பேசினார்கள். அப்பா நாளைத் தெருவெல்லாம் சொன்னார். கருப்பட்டிக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, தேதி, கிழமை, பூசை எத்தனை மணிக்கு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மூன்று தடவை சொல்லி அனுப்பினார். அடுத்த முறை அவள் வந்தபோது நாங்கள் நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டோம். "சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டா. தங்கச்சிக்கு என்ன சேலன்னு கேட்டா" என்றாள். வருகிறேன் என்றாளா என்று அம்மா கேட்டாள். "அதச் சொல்லல எக்கா" என்றாள் அவள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தோணிக்காரர் மகள் வருகிற நாளைச் சொல்ல மாட்டாள் என்று சொன்னாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில் அம்மாவுக்கு நான்தான் பட்டுச் சேலை கட்டிவிட்டேன். தலையில் பூவும் வைத்தேன். வண்டி வந்து நின்றதும் அத்தை, "மயினி, ஏறுங்க" என்றாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் கோவிலுக்குப் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பது என்று கேட்டாள். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில், எனக்கும் நீதான் அம்மா என்று கத்த நினைத்தேன். கல்யாணப் பெண் கத்தக் கூடாது என்று யாரோ கையைப் பிடித்து அழுத்தினார்கள். பூசை முழுவதும் முன் பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

பூசை முடிந்து மேளத்தோடு தெருவுக்குள் வந்தோம். கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. அம்மா அதே படியில், வைத்த பூ வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தம் கேட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மாலையும் கழுத்துமாக நான் அவள் எதிரே போய் நின்றேன். அம்மா என் கன்னத்தைத் தடவிக்கொண்டே கண்ணைச் சுருக்கி, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள்.